வேங்கை மரத்தடியில் ஓர் எல்லைக்கோடு
(வஞ்சிக் காண்டத்துக்கு ஒரு விளக்கவுரை)

சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காண்டத்தை ஆண்டுக்கு ஒருநாள் ஆயிரக்கணக்கானோர் காலால் படிக்கிறார்கள். சித்திரை முழுநிலவன்று குமுளியிலிருந்து ஜீப்பிலும், கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்தும் வண்ணாத்திப்பாறை உச்சிக்கு ஏறுகிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டருக்கும் கூடுதலான உயரம். அங்கே இடிந்து கிடக்கும் மங்கலதேவி கோட்டத்தில், அதாவது கண்ணகி கோயிலில், அன்று மட்டும் பூசை, பொங்கல், மஞ்சள் குங்குமம், வளையல். மறுநாள் முதல் அடுத்த சித்திரை வரை அது பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு. இந்த ஒருநாளுக்காக இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசுகிறார்கள். எந்த நேரத்தில் மலை ஏறலாம், எந்த நேரத்துக்குள் இறங்க வேண்டும், எத்தனை ஜீப் ஓடலாம், குடிநீர் யார் பொறுப்பு என்று எல்லாம் கோப்பில் ஏறும். காப்பியம் ஒன்று இரண்டு அரசுகளை ஒரே மேசையில் உட்காரவைக்கும் காட்சி இது.

காப்பியம் அடையாளமாகி, அடையாளம் அரசியலாகும் கதை உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. ஐரோப்பாவின் வடகோடியில் அது நடந்த விதத்தைப் புத்தகங்களில் படிக்கிறோம். நமக்கோ அது கம்பத்திலிருந்து ஒருமணிப் பயணத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே வஞ்சிக் காண்டத்தைக் காதை காதையாக எடுத்து, பக்கத்திலேயே அந்த மலைமேல் கிடக்கும் தமிழக-கேரள எல்லைக்கோட்டையும் வைத்துப் பொருள் சொல்லிப் பார்க்கலாம். பழைய உரையின் நிழலில் ஒதுங்க வழியில்லை. அடியார்க்கு நல்லார் உரை மதுரைக் காண்டத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. வஞ்சிக்கு எஞ்சியிருப்பது சுருக்கமான அரும்பதவுரை மட்டும். உ.வே.சா. 1892-இல் பதிப்பித்த பிறகு வந்த உரைகளில் வேங்கடசாமி நாட்டாருடையது கைக்கு உதவும். எல்லைக்கோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை. அவர் எழுதிய காலத்தில் அது இருவேறு மாநிலங்களின் எல்லையாக இருக்கவில்லை.

பதிகம்

பொருள்: குணவாயில் கோட்டத்தில் துறவியாக இருக்கும் இளங்கோவிடம் மலைக்குறவர் வருகிறார்கள். ஒரு மார்பை இழந்த பெண்ணொருத்தி வேங்கை மர நிழலில் நின்றாள், விண்ணிலிருந்து வந்தவர்கள் அவள் கணவனையும் காட்டி அவளை அழைத்துப் போனார்கள், இது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது என்கிறார்கள். உடனிருந்த புலவர் சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொல்கிறார். இளங்கோ பாடத் துணிகிறார். இது மூவேந்தருக்கும் உரிய கதை, நீங்களே பாடுங்கள் என்கிறார் சாத்தனார்.

விளக்கம்: காண்டத்துக்கு முன்னால் இருக்கும் பதிகத்தை இங்கே எடுக்கக் காரணம், வஞ்சிக் காண்டத்தின் விதை அதில் கிடப்பதுதான். முதல் சாட்சி குறவர். புலவர் இரண்டாம் சாட்சி. அரசன் இன்னும் வரவே இல்லை. அத்துடன், கதையின் உரிமை யாருக்கு என்ற கேள்வியை நூலே முதல் பக்கத்தில் எழுப்பி விடையும் சொல்லிவிடுகிறது: மூவருக்கும். புகாரில் பிறந்து மதுரையை எரித்துச் சேரமலையில் தெய்வமான கண்ணகியை ஒருவர் மட்டும் எப்படிச் சொந்தம் கொண்டாடுவது? சேரன் செங்குட்டுவனின் தம்பியான இளங்கோ சோழ நாட்டில் தொடங்கிப் பாண்டிய நாட்டின் வழியாகக் கதை சொல்கிறார். இந்த ஏற்பாட்டை எவரும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இதே போன்ற ஒரு நூலாசிரியர் ஐஸ்லாந்தில் இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓதின், தோர், லோகி கதைகளை எட்டா என்ற நூலில் உரைநடையில் தொகுத்த ஸ்னோரி ஸ்டர்லுசன். அவர் கிறித்தவர், முன்னோர் கைவிட்ட தெய்வங்களின் கதையை, பழைய கவிதையின் குறிப்புகள் புரியவேண்டும் என்பதற்காக எழுதினார். ஆனால் அரச வட்டத்தில் அவர் பெயர் வேறு வகையில் அடிபட்டது. நார்வே மன்னனின் பகைக்கு ஆளாகி 1241-இல் தம் வீட்டு நிலவறையில் வெட்டுண்டு இறந்தார். இளங்கோ அரசியலிலிருந்து விலகி எழுதியவர். ஸ்னோரி அரசியலுக்குள் மூழ்கி எழுதியவர். இருவர் நூலும் பிற்காலத்தில் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: அரசியல்.

குன்றக்குரவை

பொருள்: தினை காக்கும் மலைப்பெண்கள் வேங்கை மரத்தடியில் அவளைக் கண்டு அஞ்சுகிறார்கள். யார் என்று கேட்கிறார்கள். அவள் மதுரையையும் கணவனையும் இழந்த தீவினையைச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்முன்னே விண்ணேறுகிறாள். இவளைப் போன்ற தெய்வம் நம் குலத்துக்கு இல்லை, இவளையே வணங்குவோம் என்று பறை கொட்டி, குறிஞ்சி பாடி, கைகோத்து ஆடுகிறார்கள்.

விளக்கம்: நூலில் கண்ணகிக்கு நடக்கும் முதல் வழிபாடு இது. கல் இல்லை, கோயில் இல்லை, அரசாணை இல்லை. வள்ளியை மணந்த முருகனைப் பாடுகிற அதே வாயால் புதிய தெய்வத்தையும் பாடிவிடுகிறார்கள். இந்தக் காதையை இலக்கிய மேடைகள் இசைக்காகவும் நாட்டியத்துக்காகவும் எடுத்துக்கொள்கின்றன. எல்லைப் பேச்சில் இது வருவதே இல்லை. எனக்கு இதுதான் காண்டத்தின் உயிரான பகுதி.

இவள் ஏறிய மலை எது என்பதில் பழைய உரை மரபிலேயே இரு கருத்து உண்டு. திருச்செங்கோடு என்பது ஒன்று. கொடுங்கோளூருக்கு அருகில் செங்குன்று என்பது மற்றொன்று. மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள் என்று கட்டுரைக் காதை சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டவர் சி. கோவிந்தராசனார். கண்ணகி நடந்த வழியைத் தாமும் தேடி நடந்து, 1963-இல் வண்ணாத்திப்பாறைக் கோயிலே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். வைகைக் கரையைப் பிடித்துப் போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அதன் முடிவில் மலை. வழியாகப் பார்த்தால் இந்தக் கருத்துக்குத்தான் வலு கூடுதல். ஆனால் இன்று அங்கே நிற்கும் கற்கட்டடங்கள் செங்குட்டுவன் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொடர்ந்து வழிபட்ட இடம் என்று அது காட்டும். செங்குட்டுவன் இமயத்திலிருந்து கொண்டுவந்ததாக நூல் சொல்லும் கல்லைக் காட்டாது.

அந்தக் காட்டின் பழங்குடிகள் யார்? தமிழ்நாட்டுப் பக்கம் பளியர். நடைவழி தொடங்கும் ஊரின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். கேரளப் பக்கம் மன்னான்கள். கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ஓர் அரசர் உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்கள் மரபுக் கதை. காலவூட்டு என்ற விழாவில் அவர்கள் ஆடும் கூத்தின் கதை என்ன தெரியுமா? கோவலன் கண்ணகி. ஏட்டிலிருந்து எடுத்ததல்ல, வாய்வழி வந்தது. உ.வே.சா. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில், ஏடே இல்லாத ஒரு கூட்டம் ஏலக்காட்டுக்குள் அந்தக் கதையை ஆடிக்கொண்டிருந்தது என்றால், குன்றக்குரவை முடியவில்லை என்றுதான் உரை எழுத வேண்டும்.

இங்கே பின்லாந்தை நினைக்காமல் இருக்க முடியாது. எலியாஸ் லொன்ரோட் என்ற மாவட்ட மருத்துவர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, கிழக்கே கரேலியாக் காடுகளுக்குள் நடந்து பாட்டுகளை எழுதி வந்தார். அர்ஹிப்பா பெர்ட்டுனன் என்ற குடியானவர் 1834-இல் அவருக்கு நாட்கணக்கில் பாடினார். 1835-இல் காலெவாலா வெளிவந்தது. 1849-இல் அது விரிந்தது. அன்றைக்குப் பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குள் ஒரு தன்னாட்சி நாடு; தன் மொழியில் பெரிய இலக்கியம் இல்லை என்று பிறர் இகழக் கேட்டுப் பழகிய நாடு. காலெவாலா அந்த வாயை அடைத்தது. 1917-இல் விடுதலை கிடைத்தபோது அது தேசிய காப்பியமாக இருந்தது. சிக்கல் ஒன்றுதான்: சிறந்த பாடகர்களின் ஊர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில் இருந்தன. பாட்டு எங்களுடையது, ஆகவே பாடிய மண்ணும் எங்களுடையது என்ற குரல் பின்லாந்தில் எழுந்தது. 1941 முதல் 1944 வரை பின்லாந்துப் படை கிழக்குக் கரேலியாவைப் பிடித்து வைத்திருந்தது. சோவியத் அரசும் சும்மா இருக்கவில்லை. காலெவாலா எங்கள் கரேலிய மக்களின் செல்வம் என்று தானும் விழா எடுத்தது. 1963-இல் உஃதுவா என்ற ஊருக்குக் காலெவாலா என்றே பெயர் மாற்றியது. கோவிந்தராசனார் வண்ணாத்திப்பாறையை அடையாளம் காட்டியதும் அதே ஆண்டு. பெர்ட்டுனன் எந்த நாட்டுக்காகப் பாடினார் என்று அவரைக் கேட்டவர் யாருமில்லை.

காட்சிக் காதை

பொருள்: செங்குட்டுவன் அரசி வேண்மாளோடு மலைவளம் காணப் புறப்பட்டுப் பேரியாற்று மணற்கரையில் தங்குகிறான். மலைமக்கள் யானைக் கொம்பு, அகில், சந்தனம், தேன், கிழங்கு, பழம், விலங்குக் குட்டிகள் எனச் சுமந்து வந்து காணிக்கை வைத்து, வேங்கை மரத்தடிச் செய்தியையும் சொல்கிறார்கள். சாத்தனார் மதுரைக் கதையை விரிக்கிறார். கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, நாடு தேடி வந்த இந்தப் பெண், இருவரில் யார் வியக்கத்தக்கவள் என்று அரசன் அரசியைக் கேட்கிறான். பாண்டிமாதேவி வானத்துச் சிறப்புப் பெறட்டும். நம் நாட்டை அடைந்த இந்தப் பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்கிறாள் அரசி. கல் எடுப்பது பொதியிலிலா இமயத்திலா என்ற பேச்சு வருகிறது. இமயம் என்கிறான் அரசன்.

விளக்கம்: அரசியின் விடையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கண்ணகி நம்மவள் என்று அவள் சொல்லவில்லை. நம்மிடம் வந்து சேர்ந்தவள் என்கிறாள். வழிபடும் கடமை அந்த வருகையிலிருந்து பிறக்கிறது, பிறப்பிலிருந்து அல்ல. கேரளம் இந்தக் கடமையைத் தன் வழியில் இன்றுவரை செய்துவருகிறது. கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகியோடு சேர்த்துப் பேசும் மரபு வலுவானது. திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயிலில் பொங்கலை நாளை ஒட்டிப் பாடும் தோற்றம்பாட்டு கண்ணகி கதைதான். மதுரையை எரித்துவிட்டு வந்தவள் அங்கே தங்கினாள் என்கிறார்கள். சிலப்பதிகாரம் எழுதப்பட்டது பிற்காலக் கேரளத்து மண்ணில், எழுதியவர் சேர இளவல், ஆகவே அது கேரளத்தின் பழைய நூலும்தான் என்று மலையாள அறிஞர்கள் சொல்லும்போது நம்மவர் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்க என்ன இருக்கிறது? சேரர் தலைநகரான வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்று இரா. இராகவையங்கார் காலத்திலிருந்து நாமே சண்டை போட்டு வருகிறோம். கரூர்ப் பக்கத்துப் புகளூரில் சேர அரசர் பெயர் தாங்கிய கல்வெட்டு இருக்கிறது. கேரளக் கரையில் பட்டணம் அகழாய்வு முசிறியைக் காட்டுகிறது. இரண்டு ஊருக்கும் வக்கீல்கள் உண்டு.

பேரியாறு என்ற பெயர் வந்ததும் தேனி மாவட்ட வாசகரின் மனம் அணைக்குப் போய்விடும். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. 1895-இல் அணை முடிந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திரும்பியது. ஆற்றங்கரையில் காணிக்கை வாங்கியது அன்றைய அரசு. தண்ணீரை ஒப்பந்தம் போட்டு வாங்கியது பிந்தைய அரசு. 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளத்தையும் பீருமேட்டையும் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. அங்குள்ள தமிழரில் பலர் தோட்டங்களுக்கு வந்து போகும் தொழிலாளர் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி வட்டாரமும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. வந்து போகிறவர்கள் என்ற அந்தக் காரணம் இன்றும் காலை நேரத்தில் கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறது, மாலையில் திரும்புகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி இந்த வழிகள் அடைபட்டபோது முதலில் கூலி இழந்தவர்கள் அவர்கள்.

கண்ணகி கோட்டத்தின் மேல் இவ்வளவு கோபமும் ஏக்கமும் ஏன் வந்து குவிந்தன என்பதற்கு விடை இங்கே கிடக்கிறது. கிடைக்காமல் போன இரண்டு வட்டங்களுக்கும் சந்தேகத்தில் இருக்கும் அணைக்கும் சேர்த்து அந்தக் கோயில் பேசுகிறது. நான்கு சுவர் இடிந்த கோயிலால் அவ்வளவு பாரத்தைத் தாங்க முடியாது.

கால்கோட் காதை

பொருள்: வடநாட்டு அரசர் கனகனும் விசயனும் தமிழ் மன்னரின் வீரத்தை இகழ்ந்தார்கள் என்ற செய்தி அரசனுக்கு வருகிறது. படை புறப்படுகிறது. நூற்றுவர் கன்னர் உதவ, கங்கையைக் கடந்து, பதினெட்டு நாழிகையில் போர் முடிகிறது. இமயத்தில் எடுத்த கல்லைத் தோற்றவர் தலையில் ஏற்றுகிறான்.

விளக்கம்: இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அரசியலுக்கு மிகவும் பிடித்த காதை. மேடையில் கனக விசயர் முடி நெரிய நெரியக் கல் சுமந்த அளவுக்கு அவர்கள் மூலத்தில் சுமக்கவில்லை. எல்லைப் போராட்டத்தில் முன்னின்ற ம.பொ.சிவஞானம் சிலம்பைத் தமிழரின் தேசிய காப்பியம் என்று ஊர் ஊராகப் பேசிச் சிலம்புச் செல்வர் என்ற பட்டம் பெற்றார். அவருடைய கட்சியும் திராவிட இயக்கமும் பல விஷயத்தில் முட்டிக்கொண்டாலும் இந்த நூலில் கைகோத்தன. கலைஞர் கருணாநிதி திரைக்கதை எழுதிய 'பூம்புகார்' 1964-இல் வந்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் கண்ணகி சிலை எழுந்தது, 2001-இல் அகற்றப்பட்டது, 2006-இல் திரும்ப நின்றது. பெரியார் மட்டும் இந்த நூலை ஏற்கவில்லை. அந்த ஒற்றைக் குரலையும் உரையில் பதிவு செய்துவைக்க வேண்டும்.

இப்படிப் படிக்கும்போது கண்ணில் படாமல் போவது நூற்றுவர் கன்னர். வடக்கே ஆண்ட அவர்கள் செங்குட்டுவனின் நண்பர்கள். கங்கை கடக்க ஓடம் கொடுத்தவர்கள். வடக்கு முழுவதும் பகை என்பது நூலின் கருத்தல்ல. இகழ்ந்த இருவர் மேல்தான் படை. ஆனால் அரசியலுக்குத் திசை போதும், ஆள் வேண்டாம்.

ஒரு பகுதியை வெட்டி எடுத்துப் படிப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வடபுலத் தெய்வங்களின் கதை மிகக் கசப்பான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் வாக்னர் தம் இசை நாடகங்களுக்கு இந்தப் புராணங்களை எடுத்தார். அடுத்த நூற்றாண்டில் ஹிம்லரின் எஸ்.எஸ். படை பழைய ரூன் எழுத்தைக் காலரில் குத்திக்கொண்டது. வீரம், ரத்தம், இனம் என்று அவர்களுக்கு வேண்டியது அதில் கிடைத்தது. ஓதின் ஒரு கண்ணைக் கொடுத்து அறிவு வாங்கிய கதையும், தெய்வங்களே தோற்று அழியும் ராக்னரோக்கும் அதே நூலில்தான் இருந்தன. அவற்றை யாரும் காலரில் குத்தவில்லை. நம் மேடைகள் செய்தது அந்தக் கொடுமைக்கு ஈடாகாது. அப்படி ஒப்பிடுவது நேர்மையும் அல்ல. படிக்கும் முறையில் இருக்கும் ஒற்றுமையை மட்டும் சொல்கிறேன்.

நீர்ப்படைக் காதை

பொருள்: கல்லைக் கங்கையில் நீராட்டுகிறார்கள். மாடலன் என்ற அந்தணன் தென்னாட்டுச் செய்தி சொல்கிறான். பாண்டிய இளவரசன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலிகொடுத்திருக்கிறான். முப்பத்திரண்டு மாதத்துக்குப் பின் அரசன் ஊர் திரும்புகிறான்.

விளக்கம்: கோவலன் மேல் திருட்டுப் பழி சுமத்திய ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். கண்ணகி விழா மேடைகளில் இதை நான் கேட்டதில்லை. தெய்வத்தின் பெயரால் ஒரு தொழில்குலத்தையே தண்டிப்பதை நூல் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. வாசகர்தாம் தாண்டிப் போகிறோம்.

நடுகற் காதை

பொருள்: பிடிபட்ட வடநாட்டு அரசர்களைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வரச் சொல்கிறான் செங்குட்டுவன். இருவரும் வியக்கவில்லை. போர்க்களத்திலிருந்து தவவேடத்தில் ஓடியவர்களைப் பிடித்து வந்ததில் என்ன வீரம் என்கிறார்கள். அரசனுக்குக் கோபம் பொங்குகிறது. நிலையாமையைச் சொல்லி மாடலன் தணிக்கிறான். சிறைப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டு விருந்தினராகிறார்கள். கோயில் எழுகிறது, கல் நிற்கிறது.

விளக்கம்: வெற்றிக் காதைக்கு அடுத்து வெற்றியை நையாண்டி செய்யும் காதை. இகழ்ச்சிக்கு விடையாகத் தொடங்கிய படையெடுப்பு மறுபடி இகழ்ச்சியில்தான் முடிகிறது, அதுவும் தமிழ் வேந்தர் வாயால். தம் அண்ணனைப் பற்றி இப்படி எழுதத் துணிந்த ஆசிரியரைக் கட்சிப் பாடகர் ஆக்குவது கடினம்.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற காதைப் பெயர்கள் தொல்காப்பியம் சொல்லும் நடுகல் சடங்கின் படிகள். போரில் விழுந்த மறவனுக்கு ஊரார் எடுக்கும் கல்லை, வழக்கில் வென்ற பெண்ணுக்கு அரசன் எடுக்கிறான். இந்த வழக்கம் இதே வைகைப் பள்ளத்தாக்கில் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று 2006-இல் கிடைத்தது. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று மாடு கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்டது. இமயக் கல் தேவைப்படாத, ஊர்க்கல்லே போதுமான நினைவு.

உரிமைத் தகராறு நல்லபடி முடிந்த கதை ஒன்றும் வடக்கே உண்டு. ஐஸ்லாந்தின் பழைய சுவடிகள் ஆட்சி செய்த டென்மார்க்கின் தலைநகரில் இருந்தன. நாடு விடுதலை பெற்றபின் பல ஆண்டு பேசி, வழக்காடி, 1971 ஏப்ரல் 21-இல் எட்டா என்றே பெயர் பெற்ற பழம்பாடல்களின் மூலச் சுவடி டேனிஷ் போர்க்கப்பலில் ரேக்யவிக் துறைமுகம் வந்தது. கூட்டம் திரண்டு நின்று வரவேற்றது. சுவடியைக் கப்பலில் ஏற்றித் திருப்பித் தரலாம். மலையை என்ன செய்வது?

வாழ்த்துக் காதை

பொருள்: கல்லின் முன் செவிலியும் தோழியும் அழுகிறார்கள். கண்ணகி ஒளியுருவில் தோன்றி, பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். பெண்கள் மூவேந்தரையும் மாறி மாறி வாழ்த்திப் பாடுகிறார்கள்.

விளக்கம்: கையில் சிலம்போடு நிற்கும் மெரினாச் சிலை மதுரைக் காண்டத்தின் கண்ணகி. வஞ்சிக் காண்டத்தின் கண்ணகி இவள். நீதி கேட்டு நகரை எரித்தவள், தீர்ப்புத் தவறியதும் உயிரை விட்ட அரசனைத் தந்தை என்கிறாள். எந்த மாநிலமும் இந்தக் கண்ணகிக்குச் சிலை வைக்கவில்லை.

வரந்தரு காதை

பொருள்: விழாவுக்குக் குடகக் கொங்கரும், மாளுவ அரசனும், இலங்கைக் கயவாகுவும் வந்திருக்கிறார்கள். எங்கள் நாட்டிலும் எழுந்தருள வேண்டும் என்று கேட்கிறார்கள், வரம் கிடைக்கிறது. கண்ணகியின் தோழி தேவந்தியின் மேல் வந்து பேசும் தெய்வம் இளங்கோவின் கதையையும் சொல்கிறது: அரசுரிமை உனக்கே என்று நிமித்திகன் சொன்னதும், அண்ணனின் மனம் வாடக்கூடாது என்று துறவு பூண்டவர் அவர்.

விளக்கம்: கயவாகு வருகையைக் கொண்டு சங்க காலத்தின் ஆண்டுக் கணக்கையே அறிஞர்கள் கட்டினார்கள். ஒரு விருந்தாளியின் பெயரில் ஒரு வரலாறு தொங்கியது. அவன் கேட்ட வரம் வீண்போகவில்லை. இலங்கையில் சிங்களவருக்கு அவள் பத்தினி தெய்யோ; மட்டக்களப்புத் தமிழருக்குக் கண்ணகி அம்மன். அந்த வழிபாட்டைப் பற்றி கணநாத் ஒபயசேகர 1984-இல் வெளியிட்ட பெரிய நூல் இருக்கிறது. இரண்டு இனமும் போரில் இறங்கிய அதே காலம்.

கொங்கர் வருகைதான் பாலக்காட்டு எல்லையில் நின்று இந்தக் காதையைப் படிக்கிறவரை நிறுத்தும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் கும்ப மாதத்தில் கொங்கன்படை என்ற விழா நடக்கிறது. கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்தான், பகவதி ஊராருக்குத் துணைநின்று அவனை அழித்தாள் என்பது கதை. கொங்கன் அனுப்பிய ஓலையை வாசிப்பார்கள், படை திரள்வார்கள், பொய்ப்போர் நடக்கும், கொங்கன் வீழ்வான். பொள்ளாச்சிச் சந்தைக்கும் கோவை மருத்துவமனைக்கும் பேருந்து ஏறும் ஊர் அது. வீட்டில் தமிழ் பேசுவோர் அங்கே நிறைய. வஞ்சியில் விருந்தாளியாக வந்த கொங்கன் பாலக்காட்டுக் கணவாயின் இந்த முனையில் பகைவன். பகவதி வேறு, கண்ணகி வேறு என்று ஒருவர் சொல்லலாம். எல்லைக்குத் தெய்வத்தைக் காவல் வைக்கும் மனம் வேறா?

ஆனால் அதே பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைக் கரையோரப் பகவதி கோயில்களில், தோல்பாவைக்கூத்து நடக்கிறது. தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல்போன பத்ரகாளிக்காக, கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் கட்டி, இருபத்தொரு விளக்கு ஏற்றி, இரவு முழுக்கக் கதை நடத்துகிறார்கள். புலவர் என்று பட்டம் பெற்ற கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து பாடுவது கம்பராமாயணத் தமிழ்ப் பாட்டு. விளக்கம் மலையாளம் கலந்து வரும். ஷொர்ணூர்ப் பக்கத்துக் கூனத்தறை ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பல இரவுகளில் ஆள் கூட்டமே இருக்காது. கேட்க வேண்டியவள் கேட்டால் போதும் என்று பாடுகிறார்கள்.

சித்தூரில் கொங்கனை வென்ற பகவதியும் கூத்துமாடத்தில் கம்பனைக் கேட்கும் பகவதியும் ஒரே மாவட்டத்து அம்மைகள். மங்கலதேவி கோட்டம் எங்களுடையது மட்டுமே என்று வழக்காட வருபவர், குமுளியிலிருந்து வந்தாலும் கூடலூரிலிருந்து வந்தாலும், தம் கட்சிக்குச் சித்தூரைச் சாட்சிக்கு அழைக்கலாம். அழைத்தால் கூனத்தறையும் கூண்டில் ஏறும். அதற்குக் குறுக்குக் கேள்வி எழுதிவைத்துக்கொண்டு வர வேண்டும்.